வெள்ளிச் சாடியை மினுக்கிய கைகள்

என் பெரியம்மா நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் துரை பங்களாவில் வேலை செய்தவர். முழங்கால் வருத்தத்தினால் மலையேறிக் கொழுந்தெடுக்க முடியாமற் போன பிறகு, எண்பதுகளின் ஆரம்பத்தில் அவரைப் பங்களாவுக்கு மாற்றினார்கள். சமையலுக்கு வேறு ஆள் இருந்தார். பாத்திரம் கழுவுவதும் துணி தோய்ப்பதும் பெரியம்மாவின் வேலை. சனிக்கிழமைகளில் வெள்ளிச் சாமான் மினுக்க வேண்டும். ரீ பொட் என்று நாம் சொல்லும் தேநீர்ச் சாடி ஒன்று, சீனிக் கிண்ணம் ஒன்று, பால் குவளை ஒன்று, சீனிக் கட்டி எடுக்கும் இடுக்கி ஒன்று, இவற்றை வைத்துத் தூக்கிச் செல்லும் தாம்பாளம் ஒன்று. வெள்ளைத் தூளும் பழந்துணியும் கொண்டு, முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

ஒரு நாள் அந்த இடுக்கி காணாமற் போயிற்று. முதல் நாள் பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்து போயிருந்தார்கள். வேலையாட்கள் எல்லோரையும் விசாரித்து, கடைசியாகக் கையில் எடுத்தவர் பெரியம்மாதான் என்று முடிவு செய்தார்கள். மூன்று மாதம் அவருடைய சம்பளத்தில் பணம் வெட்டப்பட்டது. அதன் பின்னர் ஒரு நாள், அலுமாரியில் மடித்து வைத்திருந்த மேசை விரிப்பை உதறியபோது இடுக்கி கீழே விழுந்தது. வெட்டிய பணம் திரும்பி வரவில்லை. "வெள்ளிச் சாமானாச்சே புள்ள, எம்புட்டு வெலயோ" என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

கடந்த ஆண்டு தம்பியின் மகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போனேன். அவள் ஷெபீல்ட் நகரத்தில் தாதியாக வேலை செய்கிறாள். ஷெபீல்ட் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சாடியின் அடிப்பக்கம்தான். சிறுமியாக இருந்தபோது பங்களாவின் பின்வாசலில் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பாடசாலையில் ஆங்கில எழுத்துப் பழகிக்கொண்டிருந்த காலம். ஈ, பி, என், எஸ் என்று நான்கு எழுத்துக்களும், அவற்றின் கீழே ஷெபீல்ட் என்ற ஊர்ப் பெயரும் இருந்தன. அந்த எழுத்துக்களுக்கு என்ன பொருள் என்று கேட்பதற்கு அங்கே எவரும் இருக்கவில்லை. இம்முறை அதைத் தெரிந்துகொண்டு வந்து பெரியம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்டிய பெட்டியில் தேயிலை

ஷெபீல்டுக்குப் புறப்படுமுன் லண்டனில் இரண்டு நாட்கள் நின்றேன். அங்கே சவுத் கென்சிங்ரன் பகுதியிலுள்ள விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலையில் வெள்ளிப் பாத்திரங்களுக்கென்றே தனி மண்டபங்கள் இருக்கின்றன. உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்கத் தேவையில்லை.

1670 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு தேநீர்ச் சாடி அங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் வெள்ளியில் செய்யப்பட்டு இன்று எஞ்சியிருக்கும் தேநீர்ச் சாடிகளில் மிகப் பழையது இதுவே என்கிறார்கள். பேர்க்லி பிரபு இதைக் கிழக்கிந்தியக் கம்பனியின் குழுவினருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பார்த்தால் தேநீர்ச் சாடி என்றே தோன்றாது. ஓரடிக்கு மேல் உயரமாக, மேலே போகப் போகக் குறுகி, கோப்பிச் சாடி போலவே இருக்கிறது. இது தேநீர்ச் சாடி என்று அதன் உடம்பிலேயே எழுதிப் பொறித்திருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. அக்காலத்தில் அந்நாட்டவர்க்குத் தேநீர் அவ்வளவு புதிது. 1662 இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னனை மணம் முடித்து வந்த போர்த்துக்கேய இளவரசி கத்தரின் அரண்மனையில் தேநீர் அருந்தினார். அவரைப் பார்த்துப் பிரபுக்கள் வீட்டுப் பெண்களும் அருந்தத் தொடங்கினர்.

சீனாவிலிருந்து கப்பலில் வந்த தேயிலை விலை கூடியது. அதன்மேல் வரியும் ஏறிக்கொண்டே போயிற்று. 1784 இல் வரியைக் குறைத்தபோது அது 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரை சதவீதத்துக்கு இறங்கியது என்றால், அதற்கு முன் இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். அதனால்தான் தேயிலையைப் பூட்டி வைத்தார்கள். அந்த மண்டபங்களில் சிறிய வெள்ளிப் பேழைகளைக் கண்டேன். ஆங்கிலத்தில் அவற்றுக்குக் 'கடி' என்று பெயர். மலாய் மொழியில் ஏறத்தாழ 600 கிராம் நிறையைக் குறிக்கும் 'கட்டி' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. இரண்டு பேழைகளில் இரண்டு வகைத் தேயிலை, இன்னொன்றில் சீனி. மூன்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுத் தலைவி தன்னிடம் வைத்துக்கொள்வாள். வேலைக்காரி தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், தாம்பாளத்தைத் தூக்கி வரலாம். தேயிலையைத் தொடுவதும் தேநீரை வார்ப்பதும் தலைவியின் வேலை.

சீனியும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அது கூம்பு வடிவில் இறுகிய பெரிய கட்டியாகக் கடைக்கு வந்தது. இரும்புக் குறட்டினால் வெட்டிச் சிறு துண்டுகளாக்கி, வெள்ளிக் கிண்ணத்தில் போட்டு, வெள்ளி இடுக்கியால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆரம்ப கால இடுக்கிகள் கத்தரிக்கோல் போல இருக்கின்றன. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வில் போல வளைந்த ஒரே தகடாக மாறுகின்றன. பெரியம்மாவின் இடுக்கியும் அந்த வில் வடிவம்தான். நீண்ட காம்பும் துளையிட்ட குழிவும் கொண்ட ஒரு கரண்டியும் இருந்தது. கோப்பையில் மிதக்கும் தேயிலைத் தூசியை அள்ளுவதற்கு அது. சாடியின் மூக்கு அடைத்துக்கொண்டால் குத்தி எடுப்பதற்குக் காம்பின் முனையைக் கூராக்கியிருக்கிறார்கள். சாடிகளின் கைபிடி மட்டும் மரத்தினாலோ தந்தத்தினாலோ ஆனது. வெள்ளி சூட்டை உடனே கடத்தும். கைபிடியும் வெள்ளியாக இருந்தால் கை வெந்துபோகும்.

ஒரு விதவையின் முத்திரை

அக்காலத்துப் பாத்திரங்களிடையே ஒரு பெண்ணின் பெயர் அடிக்கடி வரும். ஹெஸ்டர் பேட்மன். 1708 இல் லண்டனில் ஞானஸ்நானம் பெற்றவர். பள்ளிப் படிப்பு இல்லாதவர், எழுதத் தெரியாதவர். பொற்சங்கிலி செய்யும் ஜோன் பேட்மன் என்பவரை 1732 இல் மணந்தார். 1760 இல் கணவர் காசநோயினால் இறந்தபோது, தமது தொழிற் கருவிகளை மனைவிக்கே எழுதி வைத்தார். மறு ஆண்டு, 1761 இல், ஹெஸ்டர் லண்டன் பொற்கொல்லர் மண்டபத்துக்குப் போய்த் தமது பெயரின் இரு முதலெழுத்துக்களையும் தமது முத்திரையாகப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது.

பிள்ளைகளையும் பழகுநர்களையும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் பட்டறை நடத்தினார். கரண்டி, சீனி இடுக்கி போன்ற சிறு சாமான்களில் தொடங்கித் தேநீர்ச் சாடி, பால் குவளை என்று வளர்ந்தார். வெள்ளியை இயந்திரத்தில் மெல்லிய தகடாக அழுத்தி எடுக்கும் முறை அப்போது பரவத் தொடங்கியிருந்தது. அதை அவர் பயன்படுத்திக்கொண்டதால் பாத்திரத்தின் நிறையும் விலையும் குறைந்தன. பிரபுக்கள் மாத்திரமன்றிக் கடைக்காரர் வீடுகளும் வெள்ளிச் சாடி வாங்கக் கூடியதாயிற்று. அவருடைய சாடிகளில் ஆரவாரமான வேலைப்பாடு இல்லை. விளிம்பில் முத்துக் கோத்தது போன்ற ஒரு வரிசை, நடுவில் ஒளி தெறிக்கும் மெல்லிய வெட்டுக் கோடுகள், அவ்வளவுதான். 1790 இல் தொழிலிலிருந்து ஓய்ந்து 1794 இல் காலமானார். அவருக்குப் பின் மருமகள் ஆன், மைத்துனர் பீற்றருடன் சேர்ந்து தமது முத்திரையைப் பதிவு செய்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹெஸ்டரின் முத்திரை கணவர் இருந்த காலத்தில் பதிவாகவில்லை. அந்நாட்டுச் சட்டப்படி மணமான பெண்ணின் உழைப்பும் உடைமையும் கணவனுக்கே உரியன. இந்நிலை முழுதாக மாறியது 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான். அதற்கு முன்னர் பட்டறை மனைவிமார் பலர் கணவனோடு சேர்ந்து வேலை செய்திருப்பார்கள். அவர்களுடைய பெயர் ஏட்டில் ஏறுவதற்கு விதவையாக வேண்டியிருந்தது. 1765 இல் கணவரை இழந்த பின்னர் பட்டறையைப் பொறுப்பேற்ற லூயிசா கோர்ட்டோல்ட் என்பவரின் கதையும் இதுவேதான்.

திருப்பிப் பார்த்தால் தெரியும்

சென் போல் பேராலயத்துக்கு அருகிலுள்ள ஒரு சிறு வீதியில் அந்தப் பொற்கொல்லர் மண்டபம் இன்றும் இருக்கிறது. நகை வாங்கும்போது நாம் கேட்கும் 'ஹோல்மார்க்' என்ற சொல் இங்கேதான் பிறந்தது. 1300 ஆம் ஆண்டிலேயே, வெள்ளிப் பாத்திரத்தை மாற்றுப் பார்த்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்திய பிறகே விற்கவேண்டும் என்று அரசன் சட்டம் போட்டான். 1478 முதல் பாத்திரங்களை இந்த மண்டபத்துக்கே கொண்டுவந்து சோதிக்க வேண்டும் என்றாயிற்று. மண்டபத்தில் குத்தப்படும் முத்திரை ஆகையால் 'ஹோல் மார்க்'.

பழைய ஆங்கில வெள்ளிச் சாமான் ஒன்றைத் திருப்பினால் நான்கைந்து குட்டி முத்திரைகள் வரிசையாகத் தெரியும். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். இந்தச் சிங்கம் 1544 இல் வந்தது. சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும். நங்கூரம் என்றால் பேர்மிங்ஹாம், கிரீடம் என்றால் ஷெபீல்ட். பின்னைய இரண்டு நகரங்களுக்கும் 1773 இல்தான் சொந்தமாக மாற்றுப் பார்க்கும் அலுவலகம் கிடைத்தது. 1975 முதல் ஷெபீல்ட் கிரீடத்தை விட்டு ரோசாப் பூவைக் குத்தி வருகிறது. ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்து, செய்தவரைக் குறிக்க முதலெழுத்துக்கள். 1784 க்கும் 1890 க்கும் இடைப்பட்ட சாமானில் வரி கட்டியதற்கு அடையாளமாக அரசனின் அல்லது அரசியின் தலையும் இருக்கும். போலி முத்திரை குத்துவோருக்கு 18 ஆம் நூற்றாண்டில் ஒரு காலத்தில் மரண தண்டனைகூட இருந்தது.

ஒரு தேக்கரண்டியைத் திருப்பினால் ஊர், ஆண்டு, மாற்று, பட்டறைக்காரர், வரி எல்லாம் தெரிகிறது. இவ்வளவு ஒழுங்கான கணக்கைப் பார்த்து வியந்தேன். பெரியம்மாவின் சாடியில் சிங்கமும் இல்லை, கிரீடமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏழு குன்றுகளின் ஊர்

லண்டன் சென் பங்கிராஸ் நிலையத்திலிருந்து ஷெபீல்டுக்குப் புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடும். ஏழு குன்றுகளின் மேல் அமைந்த நகரம் என்று சொல்கிறார்கள். ஐந்து ஆறுகள் ஓடுகின்றன. ஏற்றமும் இறக்கமுமான வீதிகளையும் தூறல் மழையையும் பார்த்தபோது ஹற்றனில் இறங்கியது போல இருந்தது. நிலைய வாசலிலேயே துருப்பிடிக்காத உருக்கினால் ஆன ஒரு நீண்ட சுவர் வளைந்து செல்கிறது. அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. நாம் சில்வர் சட்டி, சில்வர் கோப்பை என்று சொல்கிறோமே, அந்தத் துருப்பிடிக்காத உருக்கை ஹரி பிறியர்லி என்பவர் 1913 இல் உருவாக்கியது இந்த ஊரில்தான். அதில் வெள்ளி ஒரு பொட்டும் இல்லை.

நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் மிலேனியம் கலைக்கூடம் இருக்கிறது. அங்குள்ள உலோகச் சாமான்களிடையே என் கேள்விக்கு விடை கிடைத்தது.

1743 ஆம் ஆண்டளவில் தோமஸ் போல்சோவர் என்ற ஷெபீல்ட் கத்தித் தொழிலாளி, செம்பும் வெள்ளியும் சூட்டில் ஒன்றாய் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். ஒட்டிய கட்டியைத் தகடாக உருட்டினால் இரண்டும் பிரியாமல் ஒரே அளவாக நீண்டன. செம்பின் மேல் வெள்ளித் தோல் போர்த்திய இந்தத் தகட்டிலிருந்து சாடியும் கிண்ணமும் செய்தார்கள். அதற்கு ஷெபீல்ட் பிளேற் என்று பெயர். பார்வைக்கு வெள்ளி, விலையில் மலிவு. பின்னர் 1840 இல் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த எல்கிங்ரன் குடும்பத்தினர் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த 'நிக்கல் சில்வர்' என்ற உலோகத்தின் மேல் முலாம் பூசுவது வழக்கமாயிற்று. பெயரில்தான் சில்வர். அந்தக் கலவையில் வெள்ளியே கிடையாது.

ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்துக்களின் பொருள் இதுதான்: மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர். மேலே தலைமயிரை விட மெல்லிய வெள்ளித் தோல், உள்ளே வெறும் கலப்பு உலோகம். சாம்ராச்சியம் எங்கும் இருந்த ஹோட்டல்களுக்கும் கப்பல்களுக்கும் பங்களாக்களுக்கும் இவ்வகைச் சாமான்கள்தான் பெட்டி பெட்டியாகப் போயின.

வெள்ளி கறுப்பது ஏன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் கறுக்கிறது. முட்டை பட்டாலும் கறுக்கும். தூள் போட்டு மினுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கறுப்போடு வெள்ளியும் ஒரு துளி கழன்று போகிறது. முழு வெள்ளியானால் அது பெரிதாகத் தெரியாது. முலாம் பூசியதானால் நாளடைவில் அடி உலோகம் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். "தேச்சுத் தேச்சுச் சாமான நாசமாக்கிட்டேன்னு துரைசானி ஏசுனாங்க" என்று பெரியம்மா சொன்னது ஞாபகம் வந்தது. மினுக்கச் சொன்னதும் அவர்கள்தான், மினுக்கியதற்கு ஏசியதும் அவர்கள்தான்.

கடதாசி கட்டிய பெண்கள்

மறுநாள் தம்பியின் மகளுக்கு விடுமுறை. "அத்தை, நீங்க பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று இருக்கு" என்று கெலம் ஐலண்ட் நூதனசாலைக்குக் கூட்டிப் போனாள். டொன் ஆற்றங்கரையில், பழைய தொழிற்சாலைகளின் நடுவே இருக்கிறது. தனித்தனிச் சிறு பட்டறைகளில் கைத்தொழிலாளர் வேலை செய்த முறையை அப்படியே காட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த நகரத்தில் கரண்டியையும் சாடியையும் மினுக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களை 'பஃபர் கேர்ள்ஸ்' என்று அழைத்தார்கள். நாம் மினுக்கும் பெண்கள் என்று சொல்லலாம். பதின்மூன்று பதினான்கு வயதில் வேலைக்கு வந்துவிடுவார்கள். வேகமாகச் சுழலும் தோற்சக்கரத்தின் முன்னே நின்று, மணலும் எண்ணெயும் கலந்த குழம்பைத் தடவிக் கரண்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். குழம்பு முகமெல்லாம் தெறிக்கும். அதனால் தலைமுடி தெரியாமல் துணி கட்டி, வெள்ளை மேலங்கி போட்டு, அதன்மேல் பழுப்புக் கடதாசியையும் பழைய பத்திரிகைத் தாள்களையும் ஏப்ரனாகக் கட்டிக்கொள்வார்கள். அழுக்கானதும் அந்தக் கடதாசியைக் கிழித்தெறிந்து புதிதாகக் கட்டுவார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. எத்தனை டசின் மினுக்கினார்களோ அதற்கேற்ற காசு. மாலையில் கறுத்த முகத்தோடு தெருவில் வருவார்கள். உரத்துப் பேசுபவர்கள், வாய்த்துடுக்கானவர்கள் என்று ஊரில் பெயர். சக்கரச் சத்தத்துக்கு மேலாகச் சேர்ந்து பாடிக்கொண்டே வேலை செய்வார்களாம்.

வெள்ளிச் சாடிக்குக் கடைசி மெருகு ஏற்றியவர்களும் பெண்களே. வழவழப்பான உருக்கு முனையோ கல்லோ பதித்த கருவியைச் சவர்க்கார நீரில் நனைத்து, அங்குலம் அங்குலமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். இறுதியில் செந்தூள் தொட்டு உள்ளங்கையாலேயே தேய்த்து முடிப்பார்கள். துணியிலும் மென்மையானது மனிதத் தோல் என்பதால் அந்த வழக்கம்.

நான் அங்கே நெடுநேரம் நின்றேன். இடுப்பில் படங்கும் தலையில் கொங்காணியும் கட்டிக்கொண்டு மலையேறும் எமது பெண்களின் கோலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே எண்ணிக்கை டசினில், இங்கே நிறை கிலோவில். சாடியின் அடியில் பட்டறை முதலாளியின் எழுத்து இருக்கிறது. மினுக்கியவளின் எழுத்து எங்கேயும் இல்லை.

அந்நகர மக்கள் இதை முற்றாக மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நகர மண்டபத்தின் எதிரே இரண்டு பெண்கள் கைகோத்து நிற்கும் வெண்கலச் சிலை 2016 இல் திறக்கப்பட்டது. இரு உலகப் போர்களின்போதும் ஆண்களுக்குப் பதிலாக உருக்காலைகளில் வேலை செய்த பெண்களின் நினைவாக வைத்தது. அப்பெண்களில் நால்வர் தமது முதுமையில் ஓயாமல் குரல் கொடுத்ததன் பயன் அது. கேட்காமல் எதுவும் கிடைப்பதில்லை என்பது அங்கேயும் உண்மைதான்.

சீனியை ஒதுக்கியவர்கள்

சீனிக் கிண்ணத்தின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அந்த அழகான கிண்ணங்களை நிரப்பிய சீனி, மேற்கிந்தியத் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகளின் இரத்தத்தில் விளைந்தது. 1791 இல் வில்லியம் பொக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். வாரத்துக்கு 5 இறாத்தல் சீனி பாவிக்கும் ஒரு குடும்பம் 21 மாதங்கள் அதை நிறுத்தினால், ஒரு மனிதன் அடிமையாவதை அல்லது கொல்லப்படுவதைத் தடுக்கலாம் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார். அடுத்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 300,000 பேர் சீனியை ஒதுக்கினார்கள் என்று அவ்வியக்கத்தின் முன்னோடியான தோமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார்.

அந்த நாட்டுப் பெண்களுக்கு அன்று வாக்குரிமை இல்லை. ஆனால் வீட்டுக்கு என்ன வாங்குவது என்பது அவர்களின் கையில் இருந்தது. தேநீர் மேசை அவர்களுடைய இடம். ஆகவே போராட்டத்தை அந்த மேசையிலேயே தொடங்கினார்கள். லெஸ்டர் நகரின் எலிசபெத் ஹெய்ரிக் 1824 இல், படிப்படியான விடுதலை வேண்டாம், உடனடி விடுதலையே வேண்டும் என்று எழுதினார். பலசரக்குக் கடைகளுக்கும் நேரில் போய், அடிமைச் சீனியை விற்காதீர்கள் என்று கேட்டார். 1825 இல் ஷெபீல்ட் பெண்களும் தமக்கென ஓர் அடிமை ஒழிப்புச் சங்கம் அமைத்தனர். மேரி ஆன் ரோசன் அதன் முன்னணியில் நின்றார். தலைவர்கள் சிலருக்குப் பெண்கள் வீடு வீடாகப் போவது பிடிக்கவில்லை. வில்பர்போர்ஸ் கூட அதை விரும்பவில்லை. பெண்கள் நிறுத்தவில்லை. 1833 இல் ஏறத்தாழ 187,000 பெண்கள் கையெழுத்திட்ட ஒரே மனு நாடாளுமன்றத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டது. அதே ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நட்டஈடாக 20 மில்லியன் பவுண் கொடுத்தார்கள், அடிமைகளுக்கல்ல, எசமானர்களுக்கு.

அக்காலத்து நீலக் கண்ணாடிச் சீனிக் கிண்ணமொன்று லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. அடிமைகளால் செய்யப்படாத கிழக்கிந்தியச் சீனி என்ற பொருள்படப் பொன்னெழுத்தில் எழுதியிருக்கிறது. விருந்தாளி சீனி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதை வாசிக்க வேண்டும். வெள்ளிக் கிண்ணத்தை அலுமாரியில் வைத்துவிட்டு இதை மேசையில் வைத்த பெண்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. எனினும் கிழக்கிந்தியச் சீனியை விளைவித்த கைகளின் நிலை என்ன என்று அன்று கேட்டவர்கள் குறைவு.

பிறகு எமது முறை வந்தது. 1867 இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873 இல் 23 இறாத்தல் தேயிலை இங்கிருந்து லண்டனுக்குப் போனது. அதன் பின்னர் அந்தச் சாடிகள் எம் பாட்டிமார் கிள்ளிய கொழுந்தினால் நிரம்பின. ஒரே மலையில் ஒரே நாள் உழைத்த பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த கூலி என்ற நிலை 1984 வேலைநிறுத்தத்தின் பின்னர்தான் மாறியது. நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 வரை பல ஆண்டுகள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

அது வெள்ளியே இல்லையா?

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், ஷெபீல்டில் பழைய சாமான் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தோம். ஒரு தட்டு நிறையச் சீனி இடுக்கிகள் கிடந்தன. கடைக்காரப் பெண் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தந்தார். சிங்கம் குத்தியவை ஒரு பக்கம், ஈ.பி.என்.எஸ். என்றவை மறு பக்கம். பெரியம்மாவின் இடுக்கியைப் போலவே ஒன்று இரண்டாவது குவியலில் இருந்தது. அதன் விலை, அன்று நாங்கள் இருவரும் குடித்த தேநீருக்குக் கொடுத்த காசை விடக் குறைவு.

அன்றிரவு பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுத்துக்களின் பொருளைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை.

"அப்ப அது வெள்ளியே இல்லயா?"

"மேல கொஞ்சம்தான் பெரியம்மா. உள்ளே இல்ல."

"அதுக்கா புள்ள மூணு மாசம் சம்பளத்த வெட்டுனாங்க?" என்றார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அழுகை வந்தது.

அன்று பங்களாவில் எவரும் இடுக்கியைத் திருப்பிப் பார்த்து அதன் பெறுமதியைக் கணக்கிடவில்லை. பெரியம்மாவின் மூன்று மாத உழைப்பின் பெறுமதியையும் கணக்கிடவில்லை. வெள்ளிக்கு மாற்றுப் பார்க்க எழுநூறு ஆண்டுகளாகச் சட்டம் இருக்கிறது. உழைக்கும் பெண்ணின் வார்த்தையை நம்புவதற்கு எந்தச் சட்டமும் இருக்கவில்லை.

வீட்டு வேலைக்குப் போகும் எமது சகோதரிகள் பலருக்கு இன்றும் இது நடக்கிறது. ஒரு பொருள் காணாமற் போனால் முதலில் பார்ப்பது அவர்களின் முகத்தைத்தான். விசாரணை இல்லாமல், எழுத்தில் எதுவும் இல்லாமல் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். அப்படி நடந்தால் எந்தப் பொருளுக்கு, எவ்வளவு, எந்தக் கணக்கில் வெட்டினீர்கள் என்று கேட்க வேண்டும். எழுதித் தரச் சொல்ல வேண்டும். தனியே கேட்கப் பயமானால் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும்.

அந்த இடுக்கியை வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது அது பெரியம்மாவின் வீட்டில் இருக்கிறது. அவர் அதை மினுக்குவதில்லை.